சந்துப் பக்கத்து வாசல்

ஜனவரி 6, திங்கள்

சபையில் கிறிஸ்துமஸ் குலுக்கலில் எனக்கு இந்த டைரி விழுந்தது. முன் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஹாட்பாக்ஸும் ஃபிளாஸ்க்கும் விழுந்தன. வாங்கியதை வீணாக்கக் கூடாது. எழுதுகிறேன்.

டைரிக்கு ஒன்றும் தெரியாது, ஆகையால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் ரூபாவதி. பெண்கள் போர்டிங்கில் முப்பது வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மதுரை செல்லூரில் இந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மலையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் ஆதிவாசிகள், வைத்தியம் முடியும்வரை இங்கே தங்கலாம். நான்கு அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. நாளுக்கு ஒரு டீ குடிக்கிற காசு கொடுத்தால் படுக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு. அதுவும் இல்லை என்றால் நான் கேட்பதில்லை. சமையலுக்குப் பாண்டியம்மா இருக்கிறாள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

இன்று அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். அக்காள் வெள்ளத்தாய்க்கு நாற்பது இருக்கும். தங்கை குருவம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பளியர்கள். வருசநாட்டுப் பக்கம் மலைமேல் ஈச்சங்கசம் என்ற குடியாம். குருவம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்த மலைக்குப் போய்ப் போய்த் திரும்ப யாராலும் முடியாது. கழுத்தில் குழாய் சொருகி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள்.

விதிகளைச் சொன்னேன். நோயாளிக்குத் துணை ஒருவர்தான். பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. செருப்பு வாசலுக்கு வெளியே. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். வெள்ளத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செருப்பே இல்லம்மா" என்றாள். இரண்டாம் அறையைக் கொடுத்தேன்.

ஜனவரி 8, புதன்

குருவம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுனைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்து வளர்ந்தவளுக்கு இது பெரிய கொடுமை. மத்தியானம் பார்த்தால் குழாயடியில் உட்கார்ந்திருக்கிறாள். குழாய் திறந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, சொன்னா புரியாதா உனக்கு?"

"குடிக்கலம்மா. கேக்குறேன்."

தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கிறாளாம். குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய், அடியில் ஒரு வாளியை வைத்துத் திறந்துவிட்டேன். செடிக்கு ஊற்ற வாளித் தண்ணீர் எப்படியும் வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

டயாலிசிஸ் நல்லபடியாக முடிந்தது. உளுந்து வாங்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சென்னையிலிருந்து தம்பி ஜெபராஜ் பேசினான். பசுமலை வீட்டுக்கு ஒரு பேங்க் மேனேஜர் வாடகைக்குக் கேட்கிறாராம்.

"பெயின்ட் அடிக்கணும்டா. அடிச்சிட்டுச் சொல்றேன்."

"போன தடவையும் இதத்தான்க்கா சொன்ன."

"போன தடவையும் அடிக்கல, அதான்."

பாண்டியம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "ஏம் மேட்ரனம்மா, சொந்த வீடு அம்புட்டுப் பெருசா கெடக்கு. ஞாயித்துக்கெழமையாச்சும் போயி தூசி தட்டிட்டு வரலாம்ல?" என்றாள். செல்லூரிலிருந்து பசுமலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிறன்று பஸ் சரியாகக் கிடைப்பதில்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

முதல் அறையில் இருக்கும் மூக்கன் பெரியவருக்கு வயிறு இன்னும் வீங்கியிருக்கிறது. ஈரல் நோய். அவரும் பளியர்தான், வேறு குடி. சீட்டு வாங்க மகன் ஆஸ்பத்திரிக்கும் இங்கேயுமாக அலைகிறான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். முற்றத்தில் பாண்டியம்மா பானை வைத்தாள். எங்கள் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதெல்லாம் கிடையாது. சோறு பொங்கினால் சந்தோஷம்தானே. டயாலிசிஸ் முடிந்து வந்த குருவம்மா ஒரு கரண்டி தின்றாள். இந்நேரம் தன் பிள்ளைகள் கிழங்கு சுட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னாள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. புருஷன் வைத்துப் பார்க்கிறான். போன் பேச வேண்டுமென்றால் அவன் குடிக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்க வேண்டுமாம். இன்று ஏறவில்லை.

"பண்டிகையன்னிக்காச்சும் பேசக் கூடாதா, அவன?" என்று கேட்டேன்.

"மழ பெஞ்சா பாற வழுக்கும்மா. விழுந்துட்டா பிள்ளைகளுக்கு யாரு?" என்றாள் குருவம்மா. அவள் பக்கம் நியாயம் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

மூக்கனுக்கு இனி வைத்தியம் செய்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிப்போக வண்டி ஏற்பாடு செய்ய மகன் தேனிக்குப் போயிருக்கிறான்.

ஜனவரி 19, ஞாயிறு

மூக்கன் இறந்துவிட்டார்.

நான் ஆராதனைக்குப் போகவில்லை. மகன் இன்னும் வராததால் நான்தான் பக்கத்தில் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் கஞ்சி கொடுத்தேன். நான்கு ஸ்பூன் குடித்தார். ஐந்தாவதற்கு வாயைத் திறக்கவில்லை. கையை லேசாக ஆட்டிப் போதும் என்றுவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்புதல் எனக்குத் தெரியும். ஸ்பூனைக் கழுவி வைக்கப் போனேன். வருவதற்குள் முடிந்துவிட்டது.

மத்தியானம் மகன் வண்டியோடு வந்தான். அழுதான். வாசல் வழியே தூக்கிப் போனார்கள். வெள்ளத்தாயும் குருவம்மாவும் முற்றத்து மூலையில் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள், கிட்டே வரவில்லை. வண்டி போனதும் நானும் பாண்டியம்மாவும் அறையைக் கழுவினோம். பினாயில் ஊற்றி, மெத்தையை வெயிலில் போட்டு, விரிப்பு மாற்றி, ஊதுபத்தி கொளுத்தி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அறை தயார். போர்டிங்கில் அம்மை போட்ட பிள்ளை போன கட்டிலை அரை நாளில் திருப்பிக் கொடுத்தவள் நான்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் இருவரும் முற்றத்தில் சிமென்ட்டுத் தரையில் படுத்திருக்கிறார்கள். பனி கொட்டுகிறது. குருவம்மாவின் போர்வை நனைந்திருந்தது.

"அறையில மூட்டைப்பூச்சியா?" என்றேன். இல்லை. "பயமா?" இல்லை. பிறகு என்னதான் என்றால், வெள்ளத்தாய் முற்றத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் குழாய் வைத்த பெண்ணைப் பனியில் போடுவாளா ஒருத்தி என்று நன்றாகத் திட்டினேன். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னேன். தட்டை வாங்கி வெளியே வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

காணவில்லை. பை, பாய், போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்காம் அறையில் இருந்த பளியர் தம்பதியும் கிளம்பிவிட்டார்கள். அந்த மனிதனுக்குக் காலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை யாரும்.

டயாலிசிஸுக்காவது போனாளா என்று கேட்க மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்து செய்துகொண்டு போய்விட்டாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

வீடு காலி. பாண்டியம்மா இரண்டு பேருக்குச் சமைத்தாள், இருவருக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாகை மரம். அதனடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருக்கிறார்கள். செவ்வாய் முதல் அங்கேதான். குருவம்மா படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது, கழுத்துப் பிளாஸ்திரி அழுக்கேறியிருந்தது. அந்தக் குழாய் நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போகிறது. அதில் அழுக்குப் போனால் என்ன ஆகும் என்று நர்ஸ் முதல் நாளே என் முன்னால்தான் வெள்ளத்தாய்க்குச் சொன்னாள்.

நான் போட்ட சத்தத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"கட்டில் இருக்கு, கதவு இருக்கு, வெந்நீர் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு மரத்தடியில கொண்டாந்து போட்டிருக்கியே, உன் தங்கச்சிதான இது?"

வெள்ளத்தாய் எழுந்து நின்று பதில் சொன்னாள். அவளும் கோபக்காரிதான் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"செத்தவுக போன வாசல்ல நாங்க நொழைய மாட்டோம்மா. அது எங்களுக்கு ஆகாது."

"அவர் செத்தது முதல் அறை. உங்களுது ரெண்டாவது."

"கூர ஒண்ணுதான? வாசலும் ஒண்ணுதான?"

ஆள் செத்தால் குடிசையை அப்படியே விட்டுவிட்டு வேறு இடம் போய்விடுவார்களாம். பழக்கம் குடிக்குக் குடி கொஞ்சம் மாறுமாம், ஈச்சங்கசத்தில் இப்படித்தானாம். அந்த வாசலில் திரும்ப நுழைந்தால், போனவர் நம்மைத் தேடி வந்ததாக நினைத்துக் கூடவே கூட்டிக்கொள்வாராம். உடம்புக்கு முடியாதவளைத்தான் முதலில் கூட்டிக்கொள்வாராம். "அவள வச்சுக்கிட்டு எப்பிடிம்மா நொழைவேன்?" என்றாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்னும் ஆறவில்லை எனக்கு. மனிதர் சாகாத வீடு ஊரில் எங்கே இருக்கிறது? செத்தவரோடு வீட்டையும் விட்டுவிட்டுப் போவதென்றால் மதுரையில் பாதித் தெரு காலியாக அல்லவா கிடக்க வேண்டும். பிள்ளைத்தனம். இருக்கிறவளைக் காப்பாற்றாமல் போனவருக்குப் பயப்படுகிறார்கள்.

ஜெபராஜ் மறுபடி பேசினான். பெயின்டருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஜனவரி 27, திங்கள்

குருவம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்து வார்டில் சேர்த்துவிட்டார்கள். குழாய் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. பழைய குழாயை எடுத்துவிட்டு மறுபக்கம் வேறு போட்டிருக்கிறார்கள். தப்பித்தால், திரும்பவும் மரத்தடிக்குப் போகக் கூடாது, போனால் அடுத்த தடவை நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்கள். என்னை அவர்கள் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

வெள்ளத்தாயும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்:

"ஒங்களுக்குப் பசுமலையில வீடு இருக்காமுல்ல, பாண்டியம்மாக்கா சொல்லுச்சு. அங்க இவளப் படுக்க வைக்கலாமாம்மா?"

"ரெண்டு பஸ் மாறணும்."

"நடப்பேன்."

"பூட்டியே கெடக்கு. ஒரே தூசி."

"கூட்டுவேன்." என் முகத்தையே பார்த்தாள். "அந்த வீட்ல யாரும் செத்தாகளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், குருவம்மாவுக்கும் ஒரு கூரை கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

"என் தங்கச்சி. சுகிர்தம்."

"எப்ப?"

"போன வருஷம் மே மாசம்."

"பெறகு நீங்க நொழையலயா?"

"ஜூன்ல இங்க வேல கெடச்சுது. வந்துட்டேன்."

வெள்ளத்தாய் குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அப்ப நாங்க செஞ்சதத்தானம்மா நீங்களும் செஞ்சிருக்கீக. என்னைய எதுக்கு வஞ்சீக?"

ஜனவரி 28, செவ்வாய்

நான் வந்தது வேலைக்காக.

ஜனவரி 29, புதன்

நேற்று எழுதியதை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.

சுகிக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அப்பா கட்டிய வீட்டில் இரண்டு பேரும் முப்பது வருஷம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். காபியில் சர்க்கரை, ரேடியோவின் சத்தம், விளக்குமாற்றை அவள் சொல்கிறபடி நிறுத்தி வைப்பதா நான் சொல்கிறபடி படுக்க வைப்பதா, எதற்கும் சண்டைதான். முன்னறையில்தான் அவள் படுத்திருந்தாள். அடக்கம் முடிந்து வந்த அன்று அந்த வாசற்படியில் காலை வைத்தேன். உள்ளே இருந்து அவள் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பூட்டிவிட்டு எதிர்வீட்டில் தூங்கினேன். அப்புறம் போர்டிங்கில் விருந்தினர் அறை, அப்புறம் இங்கே. தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை பசுமலை போனேன். கேட்டைத் தொட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வெள்ளத்தாய் சொன்னது சரி. சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஜனவரி 30, வியாழன்

ஜுரம் இறங்கியிருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வெள்ளத்தாய்க்கு இட்லி கொண்டு போனேன். இப்போதெல்லாம் காட்டில் இஷ்டத்துக்கு இடம் மாற முடியாதே, வனத்துறை விடுமா, ஆள் செத்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கவருமென்ட்டு காங்கிரீட்டு வீடு கட்டிக் குடுத்துச்சு. எங்கிட்டுப் போக? வாசல மாத்திருவோம்."

முன்வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டு, வேறு பக்கச் சுவரை உடைத்து வழி வைப்பார்களாம். போனவர் திரும்பி வந்தால் வழி தெரியாமல் போய்விடுவார். குடியில் பாதி வீட்டுக்கு வாசல் பின்னால்தான் இருக்கிறதாம். ஒரு தடவை எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, அரசாங்க வீட்டை இடிக்கிறீர்களா, வழக்குப் போடுவேன் என்று குதித்தாராம். "அவரு வீட்ல யாரும் சாகல போல" என்று சொல்லிச் சிரித்தாள். இவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

"இங்கயும் மாத்துனா வருவியா?" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டாள். "டவுன்ல இடிக்க விடுவாகளா?"

ஜனவரி 31, வெள்ளி

இந்த இல்லத்தை நடத்தும் டிரஸ்ட்டின் செயலாளர் அருள்ராஜ் சாரிடம் பேசினேன். சமையல்கட்டை ஒட்டிச் சந்துப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது, அதை இறக்கிக் கதவாக்க வேண்டும், முன்வாசலை அடைக்க வேண்டும் என்றேன். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"ரூபாவதி, நீங்க படிச்சவங்க. மூடநம்பிக்கைக்கு நம்மளே கடப்பாரை எடுத்துக் குடுக்கணுங்கிறீங்களா?"

"போன வருஷம் வாஸ்துக்காரன் சொன்னான்னு உங்க வீட்டு அடுப்படியவே இடிச்சு மாத்துனீங்களே, சார்?"

"அது வேற."

"இதுவும் வேறதான், சார். அங்க உங்களுக்கு அடுப்படி. இங்க ஒரு பொம்பளைக்கு உயிர்."

மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "செலவு அதிகம் வைக்காதீங்க" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

கொத்தனார் முத்திருளன் வந்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரை உடைத்தார். வீடு முழுக்கச் சிமென்ட்டுப் புழுதி. முன்வாசலில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுந்தது. அதைப் பார்த்து, இங்கே என்ன ஜெயிலா கட்டுகிறீர்கள் என்று தபால்காரர் கேட்டுவிட்டுப் போனார். பாண்டியம்மா உப்பிலும் புழுதி என்று புலம்புகிறாள்.

பிப்ரவரி 5, புதன்

குருவம்மா இன்று வந்தாள். ஆட்டோவை முன்பக்கம் விடாமல் சந்துக்குள் திருப்பச் சொன்னேன். புதுக் கதவுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, மர வாசம் வீசியது.

வெள்ளத்தாய் படிக்கு வெளியே நின்றுவிட்டாள். "நாங்க மொத நொழையப்படாதும்மா. செத்தவுகளுக்குக் கடசியாக் கஞ்சி குடுத்தவுகதான் எங்களுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் புதுவாசல்ல கால் வைக்கணும். யாரு குடுத்தா?"

நான்தான். வேறு யார்?

ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, போனவர் பேரைச் சொல்லி, நீ போன வாசல் அது, நாங்க வர்ற வாசல் இது என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் பாஸ்டர் பார்த்தால் ஞாயிறு பிரசங்கத்துக்கு நான்தான் பொருள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்துக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சொன்னேன். "மூக்கன் ஐயா, நீங்க போன வாசல் அது. நாங்க வர்ற வாசல் இது." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிய பிறகு அவரிடம் நான் எதுவும் பேசவே இல்லையே. ஸ்பூனைக் கழுவத்தானே போனேன்.

எனக்குப் பின்னால் வெள்ளத்தாய் வந்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குருவம்மா வந்தாள். கட்டிலில் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

டயாலிசிஸ் ஆயிற்று. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் நலம் விசாரித்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குருவம்மா ஊருக்குப் போகிறேன் என்கிறாள். டயாலிசிஸ் வேண்டாமாம்.

சாயங்காலம் அவள் புருஷன் பாறையில் ஏறிப் பேசினான். சின்னவளிடம் போனைக் கொடுத்தான். அது பேசவில்லையாம், மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டதாம். இவள் "அம்மாடி, அம்மாடி" என்று கத்திக்கொண்டே இருந்தாள். லைன் அறுந்துவிட்டது.

"இது சரியாகிற சீக்கு இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. இருக்கிறவரைக்கும் மிஷின்தான்னாக. மிஷின் கூட இருந்து நான் என்ன பண்ண? அங்க போயி பிள்ளைக பக்கத்துல கெடக்கேன். எத்தன நாளோ அத்தன நாள்."

வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு இங்கே அனுமதி இல்லை. அந்த விதியை எழுதியவள் நானேதான். மூன்றாம் அறையில் நேற்று வந்தவருக்குக் காசநோய், இருமல் நிற்கவில்லை. விதியை எடுத்தாலும் பிள்ளைகளை இங்கே வைக்க முடியாது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த பாண்டியம்மாவிடம், பசுமலைக்கு எந்த பஸ் என்று கேட்டேன். கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். அதிசயமாக, பேசாமல் மறுபடி இட்லி ஊற்றினாள்.

பிறகு இரண்டாம் அறைக்குப் போனேன்.

"பசுமலை வீட்டுக்கு வர்றீங்களா? பிள்ளைகளையும் உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லு. கொய்யா மரம் இருக்கு. பின்னால ஸ்கூல் இருக்கு. டிரஸ்ட்ல நான் பேசிக்கிறேன்."

குருவம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளத்தாய் மட்டும், "வாசல்?" என்றாள்.

"மாத்துவோம்."

"ரெண்டு பஸ் மாறணும்னீக."

"நடப்பேன்னு சொன்னவ நீதான?"

பிப்ரவரி 12, புதன்

ஜெபராஜிடம் வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றேன். பேங்க் மேனேஜர் அளவுக்கு வராது, ஆனால் குடும்பஸ்தர்கள். முன்கதவைக் கரையான் அரித்துவிட்டது, அதனால் வாசலைப் பின்பக்கம் மாற்றுகிறேன் என்றேன்.

"தேக்குக் கதவுக்கா. கரையான் எப்பிடி அரிக்கும்?"

"அரிச்சிருச்சுடா."

"சரிக்கா. நீ போறேல்ல? அது போதும்" என்றான்.

பிப்ரவரி 15, சனி

வியாழனும் வெள்ளியும் முத்திருளன் வேலை பார்த்தார். பின்பக்கத்துச் சாப்பாட்டு அறை ஜன்னலை இறக்கி, கொய்யா மரத்தைப் பார்க்கக் கதவு வைத்திருக்கிறார். முன்வாசலையும் அடைத்தாயிற்று. சாவியைப் பாண்டியம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன், நான் போகவில்லை.

இன்று போனோம். மெல்லச் சமாளித்து, இரண்டு பஸ் மாறி, மூன்று பேரும். கேட்டைத் திறந்தேன். புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். குருவம்மாவைக் கொய்யா மரத்து நிழலில் உட்கார வைத்தோம். வெள்ளத்தாய் பக்கத்து வீட்டில் குடம் வாங்கி, கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தாள். படிக்கு வெளியே நின்று என்னிடம் நீட்டினாள்.

கேட்க வேண்டியதைக் கேட்டாள். "கடசியாக் கஞ்சி குடுத்தது யாரும்மா?"

"நான்தான். ரெண்டு ஸ்பூன் குடிச்சா. உப்பு இல்லன்னு சொன்னா."

அதுதான் சுகி கடைசியாகச் சொன்னது. உப்பு இல்லை. எனக்குக் கோபம் வந்து, நோயாளிக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டு ஸ்பூனைக் கழுவப் போனேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இன்று வெள்ளத்தாயிடம் சொன்னேன். அவள் குடத்தை என் இடுப்பில் சரியாக வைத்துவிட்டாள்.

படியில் தண்ணீர் ஊற்றினேன். "சுகி," என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள், அவசரப்படுத்தவில்லை. மறுபடி சொன்னேன். "சுகி, நீ போன வாசல் அது. நாங்க வர்ற வாசல் இது."

உள்ளே போனேன்.

சாப்பாட்டு மேஜையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒட்டடை. பல்லி முட்டை. தரையில் சிமென்ட்டுப் புழுதி, கால் வைத்தால் தடம் பதிகிறது. திங்கட்கிழமை இரண்டு சிறுபிள்ளைகள் வருகிறார்கள், இப்படியா வைத்திருப்பது? சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "சுகி, விளக்குமாற எங்க வச்ச?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தது. வெள்ளத்தாய் எடுத்துக் கொடுத்தாள்.